தண்ணீர் குடிக்கச் சொன்னவர்கள்

ஜனவரியின் முதல் திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, என் லாக்கர் மேல் என் பெயர் ஒட்டிய நீலப் பாட்டில் ஒன்று நின்றது. கனடாவில், டொரண்டோவிலிருந்து கொஞ்சம் தள்ளி, உறைய வைத்த ரொட்டியைப் பெட்டியில் அடுக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் வைத்திருந்தார்கள். அதன் பக்கவாட்டில் கோடுகள். இந்தக் கோடு வரைக்கும் காலைக்குள், இந்தக் கோடு வரைக்கும் மதியத்துக்குள் குடித்து முடிக்க வேண்டுமாம். சூப்பர்வைசர் டெப்ரா சிரித்துக்கொண்டே வந்தார். புது வருஷத்துக்கு ஒவ்வொருவரும் தீர்மானம் சொல்ல வேண்டும்: என்ன சாப்பிடப் போகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள், என்ன உடற்பயிற்சி செய்யப் போகிறீர்கள். “பெரிதாக வேண்டாம், முடிகிறதைச் சொல்லுங்கள்” என்றவர் என் பக்கம் திரும்பி, “லட்சுமி, இப்போது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

கையில் எடுத்த பாட்டிலைத் திரும்ப லாக்கர் மேலேயே வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால், அக்கா பேச்சியம்மாளோடு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு எதிரே சங்கரம்மா உட்காருவாள். ஒருநாள் போர்மேன் அவளிடம், “என்னம்மா, இருமல் விடவே இல்லையே, தூங்குறியா ஒழுங்கா?” என்று அவ்வளவு கரிசனமாகக் கேட்டார். அடுத்த வாரம் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து பின்னினாள். உடம்பைப் பற்றி மேலே இருப்பவர்கள் கேட்டால் அது உடம்புக்காக இல்லை என்று அன்றைக்கு எங்கள் அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அதனால் டெப்ராவிடம், “எனக்கு எந்த நோயும் இல்லை. நான் லீவு போடுகிற ஆள் இல்லை” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “ஐயோ, இது உங்களுக்காகத்தான்” என்றார். அந்தப் பதில்தான் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. எனக்காக என்று எந்தக் கம்பெனி எதைக் கொடுத்திருக்கிறது? பக்கத்தில் பெட்டி ஒட்டும் ஜமைக்காக்காரி மார்சியாவிடம், எடை பார்ப்பார்களா, ரத்தம் எடுப்பார்களா என்று ரகசியமாகக் கேட்டேன். “நமக்கு நோய் வராவிட்டால் இன்சூரன்ஸ்காரனுக்குக் காசு மிச்சம், அதற்குத்தான் இது. நீ தண்ணீரைக் குடி” என்றாள். மற்றவர்கள் மாரத்தான் ஓடுவதாகவும் சர்க்கரையைத் தொடவே மாட்டோம் என்றும் அறிவித்தார்கள். நாளைக்குக் கணக்குக் கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நான் ஆகச் சிறியதாகச் சொன்னேன்: காலையில் ஒரு டம்ளர் கூடுதலாகத் தண்ணீர், இரண்டாவது டீயில் சீனி கிடையாது, ஒரு ஸ்டாப் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி நடை. “நடைமுறைக்கு ஒத்து வருவது லட்சுமியுடையதுதான்” என்று எல்லோர் முன்னாலும் டெப்ரா கை தட்டினார். பயத்தில் சொன்னதற்குக் கிடைத்த கைதட்டல்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மூன்று வருஷம் கழித்துப் போகிறேன். வெயில் ஏறுவதற்கு முன் ரோட்டோரமாக நடந்தால், கம்பெனி வேன் நின்றது, லோடு ஆட்டோ நின்றது. “என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீகளா? ஏறிக்கோங்க” என்றான் ஆட்டோக்காரன். சும்மா நடக்கிறேன் என்றதும் அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவளைப் பார்ப்பது போல இருந்தது. செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“உண்மையச் சொல்லுடி. சுகரா?” என்று அக்கா வாசலிலேயே மறித்தாள்.

“இல்லக்கா.”

“பெறகு என்னத்துக்கு டீயில சீனி வேணாங்குற? தண்ணிய அந்தக் குடி குடிக்குற? எங்கிட்ட எதையோ மறைக்குற.”

சிரிப்பு வந்தது. ஆனால் மறைத்துக்கொண்டிருந்தது அவள்தான். இன்னும் அதே பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகிறாள்; சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் குனிந்து நிற்பாள். கேட்டால் வாயு என்பாள். ஒருநாள் வேனின் கதவைப் பிடித்தபடி வாந்தி எடுத்தாள். சாத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் பார்த்தோம். சிறுநீரகத்தில் கல். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர்.

“மூணு லிட்டரா? டாக்டருக்கென்ன, சொல்லிட்டாரு” என்றாள் அக்கா. “குடிச்சா போகணும்ல. கை பூராம் பவுடரு. கழுவிட்டுத்தான் சொம்பத் தொடணும். கக்கூசு அந்தக் கோடியில கெடக்கு, ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு. ஒத்தையில போனா பயம். எந்திரிச்சா போர்மேன் பாக்காரு. காலையில ஒரு சொம்பு குடிச்சா வீட்டுக்கு வந்துதான் மறு சொம்பு.”

நான் அங்கே இருந்தபோதும் அப்படித்தான் இருந்தோம். நாக்கு ஒட்டிக்கொள்ளும், எச்சிலை விழுங்கிக்கொண்டே பின்னுவோம். அதை யாரும் கஷ்டம் என்று சொன்னதில்லை. தாகம் வேலையோடு சேர்ந்தது என்று நினைத்தோம்.

மூன்று லிட்டர் என்ற பேச்சை விட்டேன். கம்பெனியில் இருக்கும்போது ஒரே ஒரு சொம்பு கூடுதலாக, முடியுமா என்று கேட்டேன். ஒத்தையில் போகப் பயமென்றால் அறையில் இருக்கும் நாலு பேரும் சேர்ந்தே போங்கள் என்றேன். “இதையெல்லாம் ஒங்கிட்ட யாரு சொல்லச் சொன்னா?” என்று மட்டும் கேட்டாள் அக்கா. அப்படிக் கேட்டாலும் என் அக்கா அல்லவா. மறுநாள் குடித்தாள். அவளோடு மற்ற மூவரும் குடித்தார்கள்.

நான் விமானம் ஏறிய பிறகு நடந்ததை அக்கா போனில் சொன்னாள். நாலு பெண்கள் ஒன்றாக எழுந்து போய் ஒன்றாகத் திரும்புவதைப் போர்மேன் சில நாள் பார்த்திருக்கிறார்.

“நாலு பேரும் சேந்து எங்கன கூட்டம் போடுறீக?”

“கக்கூசுக்குப் போறோம் அண்ணாச்சி. முள்ளுக்குள்ள பாம்பு கெடக்கு” என்றாளாம் அக்கா.

“இம்புட்டு நாளும் இல்லாத பாம்பு இப்ப எங்கிட்டுருந்து வந்துச்சு? கனடாக்காரி வந்துட்டுப் போனாளே, அவ சொல்லிக் குடுத்தாளா? சங்கம் கிங்கம் வைக்கப் போறீகளா?”

“சங்கம் இல்ல அண்ணாச்சி, கல்லு. தண்ணி குடிக்கலன்னா கிட்னியில வருமாம். ஒங்களுக்கும் வரும்.”

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீரை நான் சொல்லப் போய், அவள் பிழைப்பு போய்விட்டதே. ஆனால் மறுநாள் காலை வேன் வந்து நின்றபோது மற்ற மூவரும் ஏறவில்லையாம். யாரும் கோஷம் போடவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். கோயில் திருவிழாக்களின் ஆர்டர் தேங்கிக் கிடந்த நேரம். இரண்டாம் நாள் அக்காவையும் வேலைக்கு ஏற்றிப் போக வேன் அவள் வீட்டு வாசலுக்கே வந்தது. முள்ளை வெட்டிப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதையின் முனையில் ஒரு வாட்ச்மேனையும் உட்கார வைத்திருக்கிறார்கள். “எதுக்கு ஒக்காந்திருக்காருன்னு தெரியல. பாம்புக்கா, எங்களுக்கா?” என்றாள் அக்கா. வலி குறைந்திருக்கிறது. கல் போய்விட்டதா என்று இன்னொரு ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

இதை டெப்ராவிடம் என் இங்கிலீஷில் சொன்னேன். கண் விரியக் கேட்டார். “அப்படியானால் உங்கள் அக்காவின் கம்பெனியிலும் ஆரோக்கியத் திட்டம் இருக்கிறது! எவ்வளவு நல்ல விஷயம்” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதை நம்புவதற்கு எனக்குப் பழக்கம் போதவில்லை.

நடப்பதை விடவில்லை. நேற்று நடைபாதையில் எதிரே ஒரு பெரியவர் வந்தார். இரண்டு பக்கமும் பனியைக் குவித்திருந்ததால் வழி குறுகல். நம் ஊர் வழக்கப்படி நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். இந்த ஊர் வழக்கப்படி அவர் வலப்பக்கம் ஒதுங்கினார். இருவரும் நேருக்கு நேர். சட்டென்று நான் வலப்பக்கம் மாற, அவர் எனக்காகத் தன் இடப்பக்கம் வந்துவிட்டார். மறுபடியும் நேருக்கு நேர். பொங்கலுக்குப் போயிருந்தபோது திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் இதே போல வலப்பக்கம் ஒதுங்கி பைக்கில் வந்த ஒருவனிடம் ஏச்சு வாங்கியிருந்தேன். பெரியவர் சிரித்துவிட்டு அசையாமல் நின்று, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ என்று கையை விரித்தார். எந்தக் காலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அந்தப் பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.