நாலரை மணிக்குப் பூட்டு

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதல் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மருத்துவமனைப் பையைத் தோளில் மாட்டியபடி நான் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலியில் இருந்த அப்பா எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு உட்ரு அம்மணி. நான் வரலை" என்றார்.

அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. மாற்றி மாற்றித் துணைக்குப் போக வேறு யாரும் இல்லை. அம்மா மறைந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தாம். நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பாடநூல்களைப் பெரும்பாலும் டயாலிசிஸ் பிரிவின் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தே படித்து முடித்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமையே அவர் போகவில்லை. தலைவலி என்றார், நானும் நம்புவதுபோல் இருந்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் அவருடைய பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கியிருந்தார். அடுத்தடுத்து இரண்டு முறை விட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். அது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் வரவில்லை என்கிறார் என்பது எனக்கும் தெரிந்தது.

"போதும் கண்ணு. போய்ட்டு வர்றதுக்கே ஒரு நாள், போய்ட்டு வந்த அசதி தீர்றதுக்கு ஒரு நாள். நடுவுல நான் எங்க இருக்கறேன்?"

பையைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். வற்புறுத்துவதற்கான வலு எனக்கும் தீர்ந்து போயிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

இந்த இடத்தில் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டயாலிசிஸ் பிரிவில் அப்பாவின் கட்டிலுக்கு இருபுறமும் இருவர் படுத்திருப்பார்கள். ஒருபுறம், கருமத்தம்பட்டியில் விசைத்தறிப் பட்டறை நடத்தும் அக்கா. ஐம்பது வயதிருக்கும். மறுபுறம், பம்பு கம்பெனியில் வரைபடம் போடும் அண்ணன். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். எங்களுள் கால்பந்து பார்க்கிறவர் அவர் ஒருவர்தாம். முந்தைய ஆகஸ்டில் பிரிவின் தொலைக்காட்சி பழுதாகி, நான்கு மணி நேரம் கூரையைப் பார்த்துக் கிடந்து சலித்துப்போன ஒரு சனிக்கிழமையில், அவர்தாம் அந்தக் கற்பனை அணி ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். காசு பணம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஆடும் வீரர்களிலிருந்து ஆளுக்கோர் அணியைக் கைப்பேசியில் அமைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான ஆட்டத்தில் அந்த வீரர் எப்படி ஆடுகிறாரோ அதற்கேற்ப நமக்குப் புள்ளிகள். வாரம் ஒரு வீரரை மாற்றலாம். தலைவராக வைத்தவருக்கு இரட்டிப்புப் புள்ளி. அந்த வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அணி பூட்டப்பட்டுவிடும்; பல மாதங்களாக அது நம் நேரப்படி சனிக்கிழமை நாலரை மணி. அதன் பிறகு எதையும் தொட முடியாது.

அண்ணன் அதில் தம்முடைய விதி ஒன்றையும் சேர்த்தார். மூவரும் கட்டிலில் படுத்து ஊசி ஏறிய பிறகுதான் அணியை மாற்ற வேண்டும். வீட்டிலிருந்து மாற்றினால் செல்லாது. ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது என்பதால் மூவருக்கும் நானே எழுத்தர் ஆனேன். மூன்று அணிகளும் என் கைப்பேசியில் இருந்தன; அண்ணனின் அணி மட்டும் அவருடையதிலும் இருந்தது.

அப்பா நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கால்பந்து ஆட்டத்தைக்கூட முழுமையாகப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாரம் எவருக்கு எவர் எதிரி என்பதை மட்டும் பஞ்சைச் சோதிப்பதுபோலச் சோதிப்பார். "ஆளைப் பாக்காதே அம்மணி, எதுத்தாப்புல யாருன்னு பாரு" என்பார். எதிரணி இளைத்ததா, ஆட்டம் சொந்த ஊரிலா, மூன்று நாள் முன்பு அந்த அணி வேறோர் ஆட்டம் ஆடிக் களைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதிரி பலசாலி என்றால் எவ்வளவு பெரிய வீரரையும் இரக்கமின்றி வெளியே அனுப்பிவிடுவார்.

அக்கா நேர்மாறு. தொடங்கிய நாளில் எடுத்த அணியை அவர் மாற்றியதே இல்லை. அவருடைய கோல்காப்பாளர் முழங்கால் முறிந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். அவரை மாற்றச் சொன்னால், "காலு ஒடைஞ்சு கெடக்கறவனை எப்புடி கண்ணு வெளிய அனுப்பறது? ஒரு வாரம் ஓட்டலீன்னு ஆளை வெரட்டுனா நாளைக்கு என்ர தறிக்கு ஆளு வருமா?" என்பார். அதனால் மூன்றாவது இடத்தை விட்டு அவர் நகர்ந்ததில்லை. அண்ணன் முதலிடம், மிக நெருக்கத்தில் அப்பா இரண்டாமிடம்.

அன்றைக்கு வழக்கமாக நாங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் கடந்து, மணி இரண்டரையைத் தாண்டியபோது என் கைப்பேசி ஒலித்தது. அண்ணன் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டேன். அங்கும் அப்படித்தான் போட்டிருந்தார்கள்; பேசியது அக்கா.

"ஏனுங்ணா, எங்க இருக்கறீங்க?"

"ஊட்லதானுங்க" என்றார் அப்பா.

"ஒடம்பு செரியில்லீங்களா?"

"என்னைக்குங்க செரியா இருந்துச்சு?"

"அதைக் கேக்கலீங்ணா. எங்க டீமெல்லாம் அப்படியே கெடக்குது. கண்ணு வந்து தட்டுனாத்தான ஆகும்."

"நீங்கதான் மாத்தறதே இல்லீங்களே. தம்பிக்கு ஒரு கை சும்மாதான் இருக்குது, மாத்திக்கச் சொல்லுங்க."

அண்ணனின் குரல் குறுக்கிட்டது. "அது ரூல் இல்லீங்க சார். மூணு பேரும் படுத்தாத்தான் தொடறது. நாலரை வரைக்கும் டைம் இருக்குது. மெதுவா வாங்க."

"தம்பி, நான் இனிமே வர்றதா இல்லீங்க."

மறுமுனையில் ஏதோ ஓர் இயந்திரம் கூவுவதும் செவிலியர் வந்து அதை நிறுத்துவதும் கேட்டன. அது அடங்கியதும், அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"நீங்க வராட்டி உங்க டீமு படுத்துக்கும்" என்றார் அக்கா, சற்றுத் தாழ்ந்த குரலில். "நான் ரெண்டாவது வந்துருவேன். நீங்க இல்லாம நான் மேல வந்தா அது கெலிச்சதாகுமாங்ணா? அந்தக் கெலிப்பு எனக்கு வேண்டாமுங்க. நாங்க தொடாமத்தான் இருப்போம். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அத்துடன் அழைப்பு முடிந்தது.

அப்பா வாசலில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தபடி இருந்தார். வற்புறுத்தக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. பிறகு, என்னைப் பார்க்காமலே, "இந்த வாரம் நம்ம கேப்டனுக்கு யாரோட ஆட்டம்?" என்று கேட்டார்.

"மொத எடத்துல இருக்கறவங்களோடங்கப்பா. அதுவும் அவங்க ஊர்ல."

"அப்ப அவனை உக்கார வெச்சுப்போடணும்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சு வேண்டியிருந்தது. "எனக்குத்தான் வாரா வாரம் ஒரே எதிரி. மாத்தறதுக்கு ஆளும் இல்லை." பிறகு குனிந்து தம் பாதங்களைப் பார்த்தார். "இந்தச் செருப்பு ஏறாது. அந்தப் பெரிய ரப்பர் செருப்பை எடு."

ஆட்டோவில் அவிநாசி சாலை நெரிசலில் நகர்ந்தபோதெல்லாம் நான் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான்கடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது பிரிவுக்குள் நுழைந்தோம். செவிலியர் எடை பார்த்துவிட்டு அப்பாவைக் கடிந்துகொண்டார். ஏறியிருந்த எடை முழுவதும் உடம்பில் தேங்கிய நீர். நல்ல வேளையாக, மாலை முறைக்கு வரவேண்டிய ஒருவர் அன்று காலையிலேயே செய்துகொண்டு போயிருந்தார். அந்த இடம் அப்பாவுக்குக் கிடைத்தது. தாமதித்திருந்தால் அன்றிரவு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் வந்திருப்பீர்கள் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தி, பிராணவாயுக் குழாயைப் பொருத்தி, ஊசி ஏற்றினார்கள். "செரி, தட்டு கண்ணு" என்றார் அக்கா.

நான் கைப்பேசியைத் திறந்தேன். மூன்று அணிகளும் பூட்டியிருந்தன.

மறுபடி திறந்து பார்த்தேன். அந்த வாரத்துக்கான நேரம் மூன்றரைக்கே முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது. அண்ணன் தம் கைப்பேசியை இடக்கையால் துழாவிப் பார்த்துவிட்டு, தலையணையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"போன ஞாயித்துக்கெழமை அந்த ஊர்ல கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சுட்டாங்க சார். வெயில் காலத்துக்கு வருசா வருசம் பண்றதுதான். நமக்கு இனி மூணரைக்கே பூட்டிருமுங்க. நான் மறந்துபோட்டேன்."

"கடியாரத்தைத் தள்ளி வெப்பாங்களா?" என்றார் அக்கா. "நாங்க ஷிப்டை மாத்துவோம், ஆளை மாத்துவோம், கரண்டு போனா மோட்டாரைக்கூட மாத்துவோம். கடியாரத்துல கை வெச்சதில்லீங்க சாமி."

அண்ணனின் அணியில் அந்த வாரம் இருவர் காயமுற்றிருந்தனர். ஒருவரையேனும் மாற்றினால்தான் முதலிடம் நிலைக்கும் என்று அவர் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தார். ஒரு பொத்தானை அழுத்த அவருக்கு ஒரு விரல் போதும். பகல் ஒரு மணியிலிருந்து அந்த விரல் சும்மாதான் இருந்திருக்கிறது.

"என்னாலதானுங்க தம்பி" என்றார் அப்பா.

"உங்களால இல்லீங்க சார், இங்கிலாந்தால" என்றார் அவர்.

ஐந்து மணிக்கு அவர்கள் இருவருக்கும் முடிந்தது. வழக்கமாக ஊசியை எடுத்ததும், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அக்கா கருமத்தம்பட்டிப் பேருந்துக்கு விரைவார். அண்ணன் யாரிடமும் பேசாமல் களைத்துப் போய்விடுவார். அன்று இருவரும் போகவில்லை. அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அப்பாவின் கட்டிலோரம் சாய்ந்து நின்று, தம் கைப்பேசியில் அந்த வாரத்தின் முதல் ஆட்டத்தை வைத்தார். இரத்தம் ஓடும் குழாய்களுக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை. அப்பாவின் அணித் தலைவர் ஆடிய ஆட்டம் அதுதான்.

அவருக்குப் பந்தே கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு முறையும் தடுக்கி விழுந்தார். இரண்டாம் பாதியின் நடுவில் பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்து உட்கார வைத்துவிட்டார். அண்ணன் முனகினார். அப்பா மட்டும், பிராணவாயுக் குழாய்க்கு நடுவே, திருப்தியாகச் சிரித்தார்.

"நான் சொன்னனில்ல? எதிரி பெருசு. இவன் என்ன பண்ணுவான்."

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். கணக்குச் சரியாக வந்தால் மட்டும் அவருக்கு வருகிற சிரிப்பு அது.

"அடுத்த வாரம் இவனுக்கு யாரு?" என்று கேட்டார்.

நான் பார்த்துச் சொன்னேன். பட்டியலில் கடைசியில் கிடக்கும் அணி. ஆட்டம் சொந்த மைதானத்தில்.

"அப்ப இவனை மாத்த வேண்டாம். அடுத்த வாரம் அடிப்பான்."

"இப்பத்தானுங்ணா வழிக்கு வர்றீங்க" என்றார் அக்கா. பஞ்சை ஒரு முறை தூக்கிப் பார்த்து, இரத்தம் நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டு, தம் பையை எடுத்தார். "செவ்வாக்கெழமை பாக்கலாமுங்க."

அந்த வாரம் மூவருக்குமே மிகக் குறைந்த புள்ளிகள். அண்ணன் முதலிடத்தை இழந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைப் பிடிக்கும் அளவுக்கு மற்ற இருவரும் முன்னேறவில்லை. அப்பா குணமாகிவிட்டார் என்றோ, சலிப்பு தீர்ந்துவிட்டது என்றோ எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. அவர் இன்றும் வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறார்; போகும்போதெல்லாம் சலித்துக்கொள்கிறார்; நானும் சலித்துக்கொள்கிறேன். ஆனாலும் சனிக்கிழமைகளில் ரப்பர் செருப்பை அவரே எடுத்து மாட்டிக்கொள்கிறார்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை, அவர் கால்களை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வீக்கம் பெரிதும் வடிந்திருந்தது. அடுக்களை வாசலில் நின்று, அவருக்கு அனுமதிக்கப்பட்ட அரை டம்ளர் காப்பி ஆறுவதற்காகக் காத்திருந்த நேரத்தில், என் கைப்பேசியின் முகப்பில் நம் நேரத்துக்குக் கீழே இங்கிலாந்தின் நேரத்தையும் சேர்த்து வைத்தேன். அந்த ஊருக்கு நான் போகப் போவதில்லை. கால்பந்தும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனினும் அந்த இரண்டாவது கடிகாரத்தை நான் நீக்கவேயில்லை, ஏனெனில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், தோற்றாலும் பரவாயில்லை என்று இருவர் கையைக் கட்டிக்கொண்டு எங்களுக்காகக் காத்துக் கிடந்ததை அது ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.