பேய் பஞ்சு மார்க்கெட்டில் ஏறுது

சேத்தூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட பூமியில் எமனுக்கு அதிகமாக வேலை வைத்த மனிதர் மினிபஸ் கண்டக்டர் சமுத்திரம்தான். நாற்பதாயிரம் தடவை செத்தவர். தினம் தினம் வந்து போக முடியாமல் எமன் தன் எருமைக்கு ராஜபாளையத்திலேயே ஒரு தொழுவம் கட்டிவிட்டதாகக் கேள்வி. பேய்வீடுகளில் பிள்ளை சோறு தின்ன அடம்பிடித்தால், "அந்தா சமுத்திரம் வாரான் பாரு" என்றுதான் தாய்ப்பேய் மிரட்டுமாம்.

இப்படி ஊர் முழுக்க அளந்து திரிந்தவன் மெர்வின். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் அவனும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுப் பிரிந்துவிட்டார்கள். இப்போது செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறான். வயது பதினேழு.

நிஜத்தில் சமுத்திரம் பயப்படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தயிர்சாதம். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முன்படியைப் பார்ப்பார், பின்படியைப் பார்ப்பார், குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார், இறங்கியவர்கள் எல்லோரும் தங்கள் ஆட்களோடுதான் போகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விசில்.

"யோவ் கண்டக்டரே, பொண்ணு பாக்கவா வந்திருக்கீரு? ஊதும்யா!" என்று பஸ்ஸே கத்தும். அவர் இன்னொரு தடவை பின்படியைப் பார்ப்பார்.

இப்பேர்ப்பட்டவர்தான், மெர்வினும் இன்னும் ரெண்டு பேரும் அவரோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆடுகிற ஒரு செல்போன் விளையாட்டில் கேப்டன். ஒரு பக்கம் ஒரே ஒரு பேய். இன்னொரு பக்கம் நாலு மனுசர்கள். பாழடைந்த பங்களாவில் நாலு விளக்கை ஏற்றினால் வாசல் திறக்கும், தப்பிக்கலாம். அதற்குள் பேய் பிடித்தால் தூணில் கட்டிப்போடும். கூட்டாளி வந்து அவிழ்த்தால் உண்டு, இல்லாவிட்டால் செத்த நேரத்தில் கதை முடிந்தது. பேய்க்குப் பலம் அதிகம், மனுசர்களுக்கு எண்ணிக்கை அதிகம். அந்த எண்ணிக்கையை என்ன செய்வதென்று தெரிந்தவன் ஜெயிப்பான்.

சமுத்திரத்துக்குத் தெரிந்திருந்தது. பயந்தவனுக்குத்தானே பேய் எந்தப் பக்கம் வரும் என்று தெரியும்? பங்களாவின் அறைகளுக்கெல்லாம் தன் ரூட்டின் ஸ்டாப் பெயர்களை வைத்தார். வாசலை ஒட்டிய கூடம் பஞ்சு மார்க்கெட். நடுவில் முகவூர் விலக்கு. பங்களாவின் கடைக்கோடி மூலை சேத்தூர். அறைகளின் பின்கதவு பின்படி. "பேய் பஞ்சு மார்க்கெட்ல ஏறுது, விலக்குல இருக்கவுக பின்படியில எறங்கு!" என்று அவர் மைக்கில் சொன்னால் போதும், மூன்று பேரும் மூன்று பக்கம் சிதறுவார்கள்.

ரெண்டு பேர் ஒரே அறையில் நிற்கக் கூடாது. பேய் ஒருத்தனைத் துரத்தினால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்காமல் விளக்கை ஏற்ற வேண்டும். துரத்தப்படுகிறவன் பேயைச் சேத்தூருக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடுவது எப்போதும் சமுத்திரம்தான். அதனால் மற்ற மூவரும் தப்பிப்பார்கள், அவர் தூணில் நிற்பார். வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அதுவரை அவர் பார்த்ததில்லை.

மற்ற இருவர், மெர்வினின் அக்கா வின்சியும் தேங்காய்க் கடை லிங்கேஸ்வரனும். வின்சி பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். சமுத்திரத்தின் மனைவி மாரிச்செல்வி அவளுக்குப் பக்கத்து மிஷின்.

ஆரம்பத்தில் ஒரு கூத்து நடந்தது. தூணில் இருப்பவனை அவிழ்க்கப் போனால் "வாரேன்", வாசல் வழியே வெளியேறினால் "போறேன்" என்று கேப்டன் விதி போட்டிருந்தார். வின்சி வாசலில் நின்று "போறேன்" என்றதும், அடுப்படியிலிருந்து அவள் அம்மா, "ஏட்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு? வாயக் கழுவு! வாரேன்னு சொல்லு!" என்று கரண்டியோடு வந்துவிட்டாள். அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை "வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறியது. தூணில் இருந்த லிங்கேஸ்வரன் அவள் வருவாள் வருவாள் என்று பார்த்தே செத்துப் போனான். அன்றோடு "போறேன்" ஒழிந்தது. வெளியேறுகிறவர் "கதவு" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

எல்லோரும் சிரித்தார்கள். சமுத்திரம் மட்டும் சிரிக்கவில்லை. மெர்வின் அதைக் கவனித்தான். கவனித்தால் சும்மா இருக்கிற பிறவியா அவன்?

மறுவாரம் கேப்டன் தூணில் இருந்தபோது, "வாரேண்ணே, வாரேன், இந்தா வந்துட்டேன்!" என்று வாசலில் நின்றபடி திரையில் தன் பொம்மையை ஆடவிட்டான். தூணில் இருப்பவர் திமிறிப் பார்க்கலாம், பத்தில் ஒரு தடவை கட்டு அறும். சமுத்திரம் திமிறவில்லை. காத்திருந்தார். மெர்வின் சிரித்துக்கொண்டே வெளியேறினான்.

"மெர்வினு," என்றார் சமுத்திரம். குரல் உயரவில்லை. "இன்னொருக்க அந்த வார்த்தய வெளையாட்டுக்குச் சொன்னேன்னா, டீம்ல நீ இல்லலே."

அன்றைக்கு வின்சி அவனை வீட்டில் வைத்து வெளுத்து வாங்கினாள். மாரிச்செல்வி தன்னிடம் சொன்ன கதையையும் அப்போதுதான் எடுத்துவிட்டாள். ஆறு வயதில் சமுத்திரம் அய்யனார் கோவில் அருவிக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார். ரெண்டு வேன். முதல் வேனில் ஏறிய தாய்மாமா, ஊருக்குக் கிளம்புகிறவர் சொல்கிற மாதிரி, "வாரேன்டா மாப்ள" என்றிருக்கிறார். பிள்ளை அதை நம்பி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டது. மாமா வேனில் பிள்ளை போய்விட்டதாக நினைத்து ரெண்டாவது வேனும் கிளம்பிவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது இருட்டப் போகிற நேரம். ரெண்டு நாய் பாறையைச் சுற்றிக் குரைத்துக்கொண்டிருக்க, பிள்ளை நகராமல் உட்கார்ந்திருந்ததாம். "மாமா வாரேன்னு சொன்னாக" என்று மட்டும் சொன்னதாம்.

"சரி, அதுக்கு நான் என்ன செய்ய?" என்றான் மெர்வின். மறுநாள் அவன் ஒட்டிய கண்ணாடியெல்லாம் குமிழ் குமிழாக இருந்தது. முதலாளி ஏசினார். ஒரு சொல்கூட அவன் காதில் விழவில்லை. பள்ளிக்கூடம் வெளியே அனுப்பியபோதும், டுடோரியல் வெளியே அனுப்பியபோதும் அவன் விசில் அடித்துக்கொண்டே வந்தவன். ஆனால் அந்த நாலு பேரில் ஒருத்தனாக இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கேம் சென்டரில் அந்த விளையாட்டுக்கான போட்டியின் அரையிறுதி. மெர்வினும் வின்சியும் சர்ச் முடிந்து நேராக வந்தார்கள். பேயாக ஆடுகிறவன் எதிர் டீம், வேறு அறையில். இவர்களுக்கு ஆளுக்கொரு பிளைவுட் தடுப்பு. மூன்று பேர் தப்பித்தால் ஜெயம், இறுதி ஆட்டத்துக்கு மதுரைக்குப் போகலாம்.

"நான் மாட்டுனா யாரும் வராதீக," என்றார் சமுத்திரம். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "மெர்வினு, ஒனக்குந்தாம்லே."

ஆரம்பத்தில் எல்லாம் ரூட் பிசகாமல் ஓடியது. பேயை இழுத்துக்கொண்டு சமுத்திரம் சேத்தூருக்கு ஓட, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கை வின்சி ஏற்றிய நேரத்தில் அவர் தூணில் கட்டப்பட்டார். வாசல் திறந்தது.

"கதவு," என்றாள் வின்சி. "கதவு," என்றான் லிங்கேஸ்வரன். வெளியேறியவர்களின் குரல் அறுந்துவிடும். மிச்சம் மெர்வினும் கேப்டனும்தான்.

மெர்வின் வாசலில் நின்றான். ஒரு பட்டனை அமுக்கினால் மூன்று பேர். மதுரை. திரையின் மூலையில் சமுத்திரத்தின் படம் தூணில் தெரிந்தது. திமிறவில்லை.

"கதவு சொல்லுலே. பேய் இங்கனயே நிக்கி."

மெர்வினின் நாக்கு தானாகப் பேசியது: "வாரேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் மெர்வினை உலுக்கியது. நம்பலாமா கூடாதா என்று ஒரு மனுசர் தூணில் நின்று யோசிக்கிறார். மைக்கை அணைக்க வேர்த்த விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓட ஆரம்பித்தான். ஓடும்போது உதடு என்னென்னவோ முணுமுணுத்தது.

முகவூர் விலக்கில் ஒரு பானையை உடைத்தான். சத்தத்துக்குப் பேய் அந்தப் பக்கம் போனது. இவன் பின்படி வழியாகச் சேத்தூருக்குள் நுழைந்து கட்டை அவிழ்த்தான். பாதி அவிழ்க்கும்போதே பேய் திரும்பிவிட்டது. முழுதும் அவிழ்ந்ததும் மெர்வின் பேய்க்குக் குறுக்கே அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றான். சமுத்திரத்தின் பொம்மை அசையாமல் நின்றது.

"ஓடுங்கண்ணே!" என்று கத்தினான். பிளைவுட் அதிர்ந்தது.

பொம்மை பின்படி வழியாக ஓடியது. பேய் மெர்வினைப் பிடித்து அதே தூணில் கட்டியது. விலக்கு, பஞ்சு மார்க்கெட், வாசல். மூன்றாவது ஆளாக சமுத்திரம் தப்பினார்.

வெளியே வந்ததும் வின்சி அவன் மண்டையில் ஒன்று போட்டாள். "கிறுக்கா, ஒரு பட்டன அமுக்குனா முடிஞ்சிருக்கும்! தோத்திருந்தா?"

"கை வழுக்கிருச்சுக்கா. சரி, வந்தது வந்தோம், பேய்க்கு ஒரு ஆட்டம் காட்டுவோம்னு."

"கதவுக்கு அங்கிட்டு என்னண்ணே இருந்துச்சு?" என்று லிங்கேஸ்வரன் சமுத்திரத்திடம் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. கருப்பா ஒரு ஸ்கிரீன். அதுல நீங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு இருந்தீக."

திரும்பும் பஸ்ஸில் வெறும் பயணியாக இருந்தும், சமுத்திரம் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பின்படியைப் பார்த்தார். பஞ்சு மார்க்கெட்டில் வின்சி முதலில் இறங்கி நடந்துவிட்டாள். மெர்வின் கீழே நின்று ஜன்னலைப் பார்த்துக் கெத்தாகச் சொன்னான்: "ஒங்களக் காப்பாத்தன்னு நான் ஒண்ணும் வரலண்ணே. நெனச்சுக்கிடாதீக. கைதான் வழுக்கிருச்சு."

சமுத்திரம் தலையை வெளியே நீட்டி, முன்படியையும் பின்படியையும் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"மைக்கு ஆஃப் ஆகலலே."

"எந்த மைக்கு?"

"'ஏசப்பா, இந்த ஒரு தடவ நெசமாப் போய்ச் சேந்துரணும், அவிய காத்துக்கிட்டு இருப்பாக'ன்னு ஓடுனவன் எவம்லே? மொத்தம் பதினோரு ஏசப்பா. எண்ணிக்கிட்டேதான் நின்னேன்."

அந்த பஸ்ஸின் கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கண்ணுக்கு மறையும்வரை மெர்வின் அதன் பின்படியையே பார்த்துக்கொண்டு நின்றான்.