ஆற்றுப் பக்க அறை

வேலை நிமித்தம் பல ஊர் ஹோட்டல்களில் தங்கிச் சேர்த்த பாயின்ட்களை நான் உயிர்போலக் காத்து வந்தேன். யாங்கோனில் வாடகை மலிவு. இங்கே காசு கொடுப்போம், பாயின்ட்கள் சிங்கப்பூருக்கு ஆகும் என்பது என் கணக்கு. ஆனால் எங்கள் திருமண நாளுக்கு மனைவி சாந்தி கேட்டது விலை கூடிய ஆற்றுப் பக்க அறை.

"காசுக்குப் பின்பக்க ரூம்தான் கட்டுப்படியாகும்" என்றேன்.

"அங்கேருந்து டாலா தெரியாதேங்க."

அக்கரை டாலாவில்தான் அவள் பிறந்த வீடு. முனகிக்கொண்டே பாயின்ட்களைக் கொடுத்தேன்.

காலையில் திரையை விலக்கி, அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, ஜன்னல்ல நிக்கிறேன்!"

அக்கரையில் ஒரு வெளிச்சம் மின்னியது. சைக்கா என்னும் மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஓட்டும் என் மாமனார் முகக்கண்ணாடியை வெயிலில் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் இன்னொன்று மின்னியது. பிறகு கரை நெடுகிலும் மின்னியது. தெருவே கண்ணாடிகளோடு வந்து நின்றிருந்தது.

பதிலுக்குக் காட்ட வேறெதுவும் கிடைக்காமல், பர்சிலிருந்த தங்க நிற ஹோட்டல் பாயின்ட் அட்டையை எடுத்து வெயிலில் ஆட்டினேன்.

"தெரியுது மாப்ளே, தெரியுது!" என்றார் போனில்.

அவ்வளவு சின்ன அட்டை அத்தனை தூரத்துக்குத் தெரியுமா என்று நான் இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.