பூட்டு ஏற்றுமதிக்கு அல்ல

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே ரூம் எடுத்து, நானும் என் கூட்டாளியும் கம்ப்யூட்டர் தொழில் நடத்தினோம். அவன் பூந்தமல்லி பாய் வீட்டுப் பிள்ளை. ஒரு அமெரிக்கக் கம்பெனியின் மிஷின் டிராயிங்குகளைத் திருத்தி, போன் லைனில் திருப்பி அனுப்ப வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே பிழைப்பு அதுதான்.

திடீரென்று ஒருநாள், வழியில் யாரும் படிக்க முடியாதபடி டிராயிங்கைப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். சரி, பூட்டுகிற சாஃப்ட்வேரைக் கொடுங்கள் என்றோம். தர முடியாதாம். அவர்கள் சட்டத்தில் அது துப்பாக்கி, பீரங்கியோடு சேர்த்தியாம். வெளிநாட்டுக்கென்று ஒரு நோஞ்சான் பூட்டு உண்டு. அது எங்கள் டிராயிங்குக்குப் போதாது என்று அவர்களே சொன்னார்கள்.

"இன்னா மச்சான், பக்கத்துல ஆவடில டாங்க் செய்றானுங்களே, அத்தப் பாத்து பயந்துட்டானுங்களா?" என்று சிரித்தான் கூட்டாளி.

அதே புரோகிராம் புத்தகத்தில் அச்சாகியிருந்தால் மட்டும் தாராளமாக வரலாம். என்ன சட்டமோ! புத்தகத்தை வரவழைத்தோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகிய மாதிரி, அவன் கமா, பிராக்கெட் விடாமல் வாசிக்க, நான் அடித்தேன். புரோகிராம் ஓடிய அன்று கீழே பட்டறைக்காரர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தோம்.

இந்தப் பூட்டுக் கணக்குக்குப் பேடன்ட், அதாவது காப்புரிமை, உண்டு என்று அதே புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. கணக்குக்கு எவனாவது பேடன்ட் வாங்குவானா என்று பக்கத்தைத் திருப்பிவிட்டோம். வாங்கித்தான் இருந்தார்கள், அமெரிக்காவில் மட்டும். நாங்கள் இங்கே பூட்டலாம். எங்கள் புரோகிராமை வைத்து அவர்கள் அங்கே திறந்தால் கேஸ். இதைச் சொல்லி அந்தக் கம்பெனி அனுப்பிய ஃபேக்ஸைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கிருந்து வந்தால் ஆயுதம், இங்கிருந்து போனால் திருட்டு. அட போங்கய்யா!

வேலை நின்றது, கம்ப்யூட்டரையும் விற்றோம். அந்தக் கம்பெனி என் கூட்டாளியை மட்டும் அங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டது. எங்கள் புரோகிராமும் அவனோடு போனது. பேடன்ட்காரர்களிடம் அனுமதி வாங்கி, அதையே ஓட்டினார்கள்.

மழைக்காலத்தில் என்னிடமிருந்த ஃப்ளாப்பியும் அந்தப் புத்தகமும் பூசணம் பிடித்துப் பாழாயின. அந்த நேரம் பார்த்து கிண்டியில் ஒரு கம்பெனி அந்தப் பூட்டை உடனே வேண்டும் என்று கேட்டது; புத்தகத்தை மறுபடி வரவழைத்து அடிக்க நேரமில்லை. விட்ட தொழிலைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்று பூத்துக்கு ஓடி அவனுக்குப் போன் போட்டேன்.

"நம்ம புரோகிராம் ஒரு காப்பி அனுப்புடா."

"முடியாது மச்சான். இங்கேர்ந்து அனுப்புனா ஏற்றுமதி. என்னைத் தூக்கி உள்ள வெச்சுருவானுங்க."

"டேய், நான் அடிச்சதுடா அது!"

"தெரியும். ஆனா இந்த ஊரு சட்டத்துல நீ வெளிநாட்டுக்காரன்."

மறுநாள் கிண்டிக்குப் போய், என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.