வீட்டோடு கொடுத்த பூனை

எங்கள் பூனைக்கு வயிற்றில் முடி கொட்டுவதை முதலில் கண்டவள் நான்தான். எதையும் எல்லாருக்கும் முன்னால் நான் கண்டுவிடுவேன், அது என் வியாதி. கூரையில் ஓடு விலகினால், வாப்பா இரண்டு தரம் இருமினால், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கலங்கினால், முதலில் எனக்குத்தான் நெஞ்சு அடிக்கும். இப்போதும் அப்படியேதான். தையல் மெசின் சத்தம் மாறினால் ஊசி உடைந்து கண்ணில் பாயப்போகிறது என்று காலை எடுத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படிப்புக்குப் போகவேண்டிய யோசனையெல்லாம் இப்படிப் போயிற்று.

சாம்பல் நிறப் பூனை. பேர் என்று ஒன்றும் வைக்கவில்லை. ‘பூஸ்’ என்றால் வரும், ‘சூ’ என்றால் போகும். வரச்சொன்னது நான், போகச்சொன்னது உம்மா. முன்னறை யன்னல் கட்டின் மேல் ஏறிப் படுத்தால் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் அசையாது. உம்மா திட்டிக்கொண்டே அந்த இடத்தைத் துடைப்பார், அது திரும்பவும் ஏறிப் படுக்கும்.

ராத்தாவுக்கு, அதாவது என் மூத்த சகோதரிக்கு, கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில்தான் இது தொடங்கியது. எங்கள் ஏறாவூரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். வாப்பா மேசன். ஊரில் மற்றவர்களுக்கு வீடு கட்டிய இடைவெளிகளில் எங்கள் வீட்டைக் கட்டினவர். உம்மா மணல் சுமந்தார், பூசின சுவருக்குத் தண்ணீர் அடித்தார். ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், ஓட்டமாவடியிலிருந்து வந்த அந்தக் கிழமையே நாங்கள் மூவரும் பின்வளவில் சமைக்கும் குசினியை நீட்டித் தகரம் போட்ட ஒற்றை அறைக்குப் போய்விட்டோம். பெரிய சங்கதியாக யாரும் அதைப் பேசவில்லை. கட்டில், அலுமாரி, வீடு, பூனை எல்லாம் மகளுக்குக் கொடுத்தாயிற்று என்று வாப்பா வந்தவர்களிடம் பகிடி விட்டார்.

ஆனால் பூனை கொடுபடவில்லை. முன்னறையில் மச்சான் வீட்டார் கொடுத்த கதிரைகள் வந்து யன்னலை மறைத்துக்கொண்டன. ராத்தாவும் புது விரிப்பில் முடி ஒட்டுகிறது என்று கதவைச் சாத்தினாள். பூனை முன்வாசலுக்கும் தகர அறைக்கும் நடந்தது, பிறகு கிணற்றடியில் குந்திக்கொண்டு தன்னை நக்கத் தொடங்கியது. காலையில் நக்கும், மத்தியானம் நக்கும், மீன் தலையைப் போட்டால் தின்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து நக்கும். 

“இது எந்த வக்துக்கு ஒளு செய்யுது? நம்மட பள்ளியில ஆருக்கும் இவ்வளவு பேணுதல் இல்ல,” என்றார் வாப்பா, தொழுகைக்கு முன் பள்ளிவாசலில் கைகால் கழுவுவதை நினைத்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு கோழி உரித்த மாதிரி வெளுத்துத் தெரிந்தது. பின் தொடையின் உட்புறமும் அப்படித்தான். அன்றிலிருந்து நான் என் கைகளையும் உரசி உரசிப் பார்த்தேன், எனக்கும் கொட்டுகிறதா என்று. வேப்பெண்ணெய் பூசினோம், அதையும் நக்கி எடுத்துவிட்டுக் கக்கிச் சத்தி எடுத்தது.

அந்த நேரம் பார்த்து ராத்தா பிள்ளைத்தாய்ச்சியானாள். மச்சானின் உம்மா பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். வீட்டு வாசலில் சொறிப் பூனையைக் கண்டால் அந்த மனிசி என்ன நினைக்கும், அந்தத் தோல் படை பிள்ளைத்தாய்ச்சிக்குத் தொற்றினால் யார் பதில் சொல்வது என்று எங்கள் உம்மா கேட்டார். பூனையைச் சாக்கில் போட்டு ஆற்றங்கரை மீன் சந்தையில் விட்டுவிட வேண்டும் என்பது அவர் முடிவு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்தச் சந்தையின் நாய்களை எனக்குத் தெரியும். நான் சோறு தின்னாமல் அழுதேன். வாயில்லாச் சீவனின் பாவம் நம்மைச் சும்மா விடாது என்று வாப்பா ஒரு வழி சொன்னார்: மாட்டாஸ்பத்திரியில் காட்டுவோம், படை என்றால் சந்தை, இல்லையென்றால் இங்கேயே கிடக்கட்டும்.

மாட்டாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்வது அரசாங்கத்து மிருக வைத்தியரின் இடத்தை. மறுநாள் பழக்கூடைக்குள் பூனையை வைத்து, மேலே துண்டைக் கட்டி, உம்மாவும் நானும் ஆட்டோவில் போனோம். அங்கே ஆடுகளோடும் கன்றுகளோடும் ஆட்கள் நின்றார்கள். கூடைக்குள்ளிருந்து சத்தம் வந்ததும் ஓர் ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“எத்தின போத்தல் கறக்கும் மாமி?”

உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். வீட்டுக்குப் போனதும் இதற்கும் சேர்த்து எனக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

டொக்டர் இளம் பெண். பூனையை மேசையில் கிடத்தி, சீப்பால் வாரி, லைட் அடித்து, பூதக்கண்ணாடியால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்த்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ‘ப’ என்று தொடங்கினால் படை, படை என்றால் சந்தை. அவர் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு, தெள்ளுப் பூச்சியும் இல்லை, படையும் இல்லை, முடி வேரோடு விழவில்லை என்றார். பூனையே நாக்கால் அரிந்து எடுக்கிறதாம். சில பூனைகள் மனம் சரியில்லாவிட்டால் அப்படிச் செய்யுமாம்.

“வீட்டில ஏதும் மாற்றம் நடந்ததா அம்மா? புது ஆக்கள், புது இடம்?”

“ஒண்டும் நடக்கல்ல,” என்றார் உம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. “நாங்க வீட்ட ராத்தாக்குக் குடுத்திட்டு பின்னால இருக்கம்,” என்று சொல்லிவிட்டேன். உம்மா என் தொடையில் நுள்ளினார்.

“அது மாத்தமா டொக்டர்? எல்லாரும் செய்றதுதானே. என்ட உம்மா எனக்குச் செஞ்ச, நான் மகளுக்குச் செஞ்ச.”

டொக்டர் பூனையை விட்டுவிட்டு உம்மாவின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு அது மாற்றம் இல்லாம இருக்கலாம். பூனைக்கு ஆர் சொல்லிக் குடுக்கிற?”

பழைய இடத்தில் படுக்க விடச் சொன்னார். ஏசக்கூடாது, நாளுக்கு ஒரு தரமாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், குறையாவிட்டால் திருப்பிக் கொண்டு வர வேண்டும். 

சந்தை தப்பியது. ஆனால் அந்தப் பழைய இடத்துக்கு எப்படிப் போவது? கொடுத்த வீட்டில் போய் இடம் கேட்பதா என்றார் உம்மா. அதோடு எங்கள் வழக்கத்தில் மாமியார் புது மருமகனின் முன்னால் வருவதே இல்லை, பேச வேண்டியிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று சுவருக்குச் சொல்வது போலச் சொல்வார். பூனைக்காகச் சுவரோடு பேச உம்மா தயாரில்லை. வாப்பாவோ, இது பெண்கள் விஷயம் என்று வேலைக்குப் போய்விட்டார்.

பயந்தவர்கள் சில நேரம் துணிந்துவிடுவார்கள். அன்று பின்னேரம் பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்கதவால் போனேன். மச்சான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“டொக்டர் சொன்ன, இதுக்கு யன்னல் வேணுமாம்.”

ராத்தா கண்ணால் என்னை எரித்தாள். மச்சான் பூனையின் வயிற்றைப் பார்த்தார், பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“எனக்கே இந்த வீட்டில எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கிறெண்டு இன்னும் பிடிபடல்ல. அது பழைய ஆள்தானே. வந்து இருக்கட்டும்.”

எழுந்து தானே கதிரையை இழுத்து வைத்தார். பூனை யன்னல் கட்டின் மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. மச்சானின் உம்மா வந்தபோது அது அங்கேதான் கிடந்தது. அந்த மனிசி அதன் தலையைத் தடவிவிட்டு ராத்தாவின் வாந்தியைப் பற்றித்தான் கேட்டது.

டொக்டர் சொன்னபடி பக்கத்தில் இருந்து பார்க்கும் வேலையை உம்மா எடுத்துக்கொண்டார். மச்சான் கடைக்குப் போயிருக்கும் நேரம், மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, “பூனையப் பாத்திட்டு வாறன்,” என்று போவார். முன்பெல்லாம் அதைக் கண்டாலே சூ என்றவர். ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தேன். உம்மா யன்னலோரம் கதிரையில் இருந்தார். கை சுவரில் இருந்தது, பூச்சு கொஞ்சம் மேடாகக் கிடந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பூனை அங்கே இல்லை, மீன்காரனின் சைக்கிளுக்குப் பின்னால் ரோட்டுக்குப் போயிருந்தது.

“உம்மா, பூனை இஞ்ச இல்லயே.”

“வரும். நீ போ மகள்.”

உம்மாவுக்குப் பூனையில் ஆசை வந்துவிட்டது என்று நான் பக்கத்து வீடுகளிலெல்லாம் சொன்னேன். பூனைக்கு முதலில் வெல்வெட் துணி மாதிரி முளைத்தது, ராத்தாவுக்குப் பிள்ளை கிடைக்கும்போது வயிறு முழுக்கச் சாம்பல் முடி மூடிவிட்டது. உம்மா மட்டும் பூனையைப் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் போனார். இன்னும் எங்கேயோ குணமாகாமல் இருக்கிறது, அதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று எனக்குப் பயம் பிடித்தது. பூனையை மடியில் மல்லாத்திப் போட்டு, வயிற்றையும் தொடையையும் விரலால் விலக்கி விலக்கித் தேடினேன்.