இரண்டாவது டம்ளர் மோர்

எங்கள் வீட்டில் ‘தெரியாது’ என்பது கெட்ட வார்த்தை. அப்பா அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய மாவு மில் சந்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். அவரும் யாரையும் பதில் இல்லாமல் அனுப்பியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஃபேக்ஸ் என்று ஒன்று வந்திருக்கிறதாமே, அது எப்படிப் போகிறது என்று மில்காரர் ஒருநாள் கேட்டார். காகிதம் நூல் மாதிரி சுருண்டு டெலிபோன் கம்பிக்குள் போய், அந்தப் பக்கம் பிரிந்துகொள்ளும் என்று அப்பா விளக்கினார்.

மில்காரர் மாவுக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “காயிதம் கீஞ்சிடாம போவுதா சார்?”

“அதுக்குத்தான் தனிக் காகிதம்” என்றார் அப்பா, கொஞ்சமும் அசராமல்.

வீட்டில் கூச்சமே இல்லாமல் தெரியாது என்று சொல்கிறவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை, தி. நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஏதாவது கேட்டால், “எனக்குத் தெரியாதேடா” என்று சிரிப்பாள். எனக்கு அவமானமாக இருக்கும். எட்டு வயதில் நான் முழுக்க முழுக்க அப்பா பிள்ளை.

அந்த வருடம் கபாலி கோயில் அறுபத்துமூவர் திருவிழா அன்றைக்கே அத்தையைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீடு திருவான்மியூர். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு சுவாமி புறப்பாடும் பார்க்க வேண்டும், பெண்ணும் பார்க்க வேண்டும். நல்ல நேரம் நாலரையோடு முடிந்துவிடும் என்பதால் முதலில் பெண், பிறகு சுவாமி. அதற்கு முன் வந்த மாப்பிள்ளை போட்டோக்களை அத்தை பார்த்துவிட்டு மேஜை மேலேயே வைத்துவிடுவாள். இந்தப் போட்டோ மட்டும் இரண்டு வாரமாக அவள் கைப்பையில் இருந்தது.

அன்று காலை சந்தே தலைகீழாக இருந்தது. முனையில் கீற்றுப் பந்தல் போட்டு மோர் கொடுப்பது எங்கள் தெருவின் வழக்கம். அத்தை விடியும்போதே எழுந்து இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளி, அண்டா நிறைய மோர் கரைத்து வைத்தாள். பிற்பகல் என்னை வீட்டிலிருந்து கிளப்புவதற்காகவே பந்தலுக்கு அனுப்பினார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். மேளச் சத்தம், பலூன் பீப்பி, “கபாலீ!” என்ற கூச்சல், தலைக்கு மேல் தலை. மில்காரர் மொள்ள, நான் நீட்ட, கை வலித்தது; ஆனால் யாராவது வந்து, “டேய் தம்பி, லஸ்ஸுக்கு எப்படிடா போறது?” என்று என்னைக் கேட்கும்போது வலி பறந்துவிடும். குளம் எங்கே, பஸ் எங்கே நிற்கிறது, செருப்பு எங்கே விடுவது, எல்லாவற்றுக்கும் கை நீட்டினேன். “இன்னா நைனா, டிராபிக் போலீஸ் ஆய்ட்டியா?” என்று மில்காரர் சிரித்தார். நான் இன்னும் நிமிர்ந்தேன்.

ஐஸ் தீர்ந்துபோய் அவர் வாங்கிவரப் போன நேரத்தில் அவர்கள் வந்தார்கள். ஒரு அப்பா, கத்தரிப்பூ நிறப் பட்டில் ஒரு அம்மா, கண்ணாடி போட்ட உயரமான ஒருவர். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மூன்று பேருக்கும் மோர் கொடுத்தேன். உயரமானவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “இன்னொண்ணு கிடைக்குமாப்பா? பிரமாதமா இருக்கு” என்றார்.

“வந்த வேலையைப் பாருடா” என்று அவர் அம்மா அதட்ட, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெரியவர் கேட்டார்: “தம்பி, அம்பலவாணன் தெரு எதுப்பா?”

அப்படி ஒரு தெருவை நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு நிமிடம் பொறுத்தால் மில்காரர் வந்துவிடுவார். ஆனால் அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கை தானாக எழுந்தது. “நேரா போங்க. கோயிலைத் தாண்டி, தெற்கு மாட வீதில ரெண்டாவது திருப்பம்.”

பெரியவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். மூன்று பேரும் கூட்டத்துக்குள் இறங்குவதைப் பார்த்தேன். மாட வீதியில் அன்று உள்ளே போனவர் நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் கேசரி மூடியபடி இருந்தது; அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அத்தையைப் பிடித்து உட்காரவைத்து, யார் யாருக்கு வழி சொன்னேன், யார் என் தலையைத் தடவினார் என்று மூச்சு விடாமல் அளந்தேன். கத்தரிப்பூப் பட்டுப் புடவையையும் கண்ணாடிக்காரரையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே தலையில் இருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது எதிர்வீட்டு போனுக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் முகம் சிவந்திருந்தது. ஏதோ ஒரு மோர்ப் பந்தலில் எவனோ ஒரு பையன் தவறாக வழிகாட்டியிருக்கிறான். மாட வீதி நெரிசலில் மாப்பிள்ளையின் அம்மா விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டு, செருப்பையும் விட்டுவிட்டு, எப்படியோ ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். முதல் அடியே வழி தப்பிவிட்டது, சகுனம் சரியில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

“எந்த முட்டாப் பயடா அது?” என்று அப்பா கத்தினார்.

நான் மெதுவாகக் கேட்டேன். “அப்பா, அம்பலவாணன் தெரு எங்க இருக்கு?”

“நம்ம தெருதான்டா! கார்ப்பரேஷன்ல பேர் மாத்தி ஒரு வருஷம் ஆச்சு.”

தெருப் பெயர்ப் பலகை மேல் சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தது. சந்தில் எல்லோருக்கும் அது மாவு மில் சந்துதான். அப்பா மட்டும், சரியானதைத் தெரிந்தவர் என்பதால், மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்ட கடிதத்தில் புதுப் பெயரை எழுதியிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். அவளும் திறக்கவில்லை.

பின்னாளில் நான் தத்துவம் படித்தேன், கல்லூரியில் அதையே கற்பித்தேன். அறியாமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஆள் தெரியாமல் அம்பு விட்டுவிட்டு அழும் அரசர்கள் காவியங்களில் நிறைய உண்டு. அவர்களுக்காக மாணவர்கள் இரக்கப்படுவார்கள். எனக்கு அந்த இரக்கத்தில் பங்கில்லை. அவர்களுக்குத் தெரியாது என்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் கை நீட்டினேன். அப்பா போகும்வரை அவரிடம் இதைச் சொல்லவும் இல்லை. அத்தை அதன்பின் வந்த எந்த ஜாதகத்துக்கும் தலையாட்டவில்லை. இப்போது அவளும் இல்லை. எனக்கும் முடி வெளுக்கத் தொடங்கிவிட்டது.

அந்த அறுபத்துமூவருக்கு மறுநாள் காலை அத்தை கிணற்றடியில் மோர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடி விழும் என்று பயந்துகொண்டே பக்கத்தில் போய் நின்றேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள். “அந்தக் கண்ணாடிக்காரர், மோர் குடிச்சாரா?”

“குடிச்சார். இன்னொண்ணு கேட்டார்.”

“அவரே கேட்டாரா?”

“பிரமாதமா இருக்குன்னார். சிரிச்சார்.”

“எப்படிச் சிரிச்சார்?”

சிரித்துக் காட்டினேன். அவள் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, “இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

அடி விழாத சந்தோஷத்தில் துள்ளித் துள்ளி, அவர் டம்ளரை நீட்டியதிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னேன். மோரில் உப்பு சரியாக இருந்ததா என்று அத்தை தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.