மஞ்சள் கயிறு கட்டிய கொடிகள்

எழுபதுகளின் கடைசியில் திருப்பதியில் விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு, புத்தலப்பட்டு பக்கத்துக் கரட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக ஒரு பட்டாம்பூச்சி. ஈஸ்வரமூலிக் கொடியை விட்டால் அதன் புழுவுக்கு வேறு சாப்பாடு கிடையாது. நான் அலைந்த வரையில் அந்தக் கொடி மிஞ்சியிருந்தது அந்த ஒரு சரிவில்தான். அதையும் வேர்க்கடலைக்கு உழப்போவதாகப் பேச்சு. புழுவை நேரில் காட்டினால் தடுத்துப் பார்க்கலாம் என்று வன அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார்.

புழு இருந்த பன்னிரண்டு கொடிகளுக்கு அடையாளம் வைத்தேன். காகிதச் சீட்டு மழையில் கரைந்துவிடும். திருப்பதியில் திரும்பிய இடமெல்லாம் கிடைப்பது மஞ்சள் கயிறு. மிஷன் சர்ச் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது வெறும் கயிறு. தண்டுக்குத் தண்டு முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் நான்கைக் காணோம். வேரோடு போயிருந்தன. கட்டாத கொடிகளை யாரும் தொடவில்லை. ஆக, குறி எனக்குத்தான். என் வலையைப் பார்த்துச் சிரித்த சக வாத்தியாரைச் சந்தேகித்தேன். “பையில இன்னா சார்?” என்று கேட்ட கண்டக்டரைச் சந்தேகித்தேன். கடைசியில் ஆடுகளை முறைத்தேன்.

“அந்தக் கசப்புல ஆடு வாய் வெக்குமா சார்? படிச்சவன்தானே நீ?” என்றார் மேய்ப்பவர். அவர் மீதும் சந்தேகம் விழுந்தது.

அதற்கடுத்த ஞாயிறு பாறைக்குப் பின்னால் பதுங்கினேன். நாட்டு மருந்துக்கு வேர் விற்கும் அம்மாள் ஒருத்தி சிறு கடப்பாரையோடு வந்து, கயிறு கட்டிய கொடியாகப் பார்த்துக் குத்தினாள். பாய்ந்தேன். முள்ளில் வேட்டி மாட்டி விழுந்தேன்.

“திருடி!” என்றேன், தரையிலிருந்து.

“அட, காப்பு கட்டினவன் நீதானா? கயிறு கட்டி செடிகிட்ட உத்தரவு கேட்டுட்டு, புடுங்காம வுட்டா அது சும்மா வுடுமா? எவனோ வெவரம் கெட்டவன், அவன் குடும்பம் நாசமாப் பூடும்னு நான் புடுங்கி வெச்சிக்கினு கீறேன். இந்தா, உன் வேரு.”

மடியிலிருந்து மூட்டையை அவிழ்த்தாள். நிழலில் பதமாகக் காய்ந்த வேர்கள். ஒன்றுகூட விற்கவில்லை.

“புழு?” என்றேன்.

“அத்தயெல்லாம் கட்டாத கொடிமேல எடுத்து வுட்டேன். அதுங்க இன்னா பண்ணிச்சி, பாவம்.”

ஓடிப் போய் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தன. மிச்சமிருந்த கயிறுகளை அவிழ்க்கப் போனேன். கடப்பாரையை ஓங்கினாள். உத்தரவு கேட்டபின் பின்வாங்கக் கூடாதாம். செடிகளிடம் என்னை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டுத்தான் அவிழ்க்க விட்டாள். பன்னிரண்டில் ஏழு தப்பின.

அதிகாரி வந்தார், புழுக்களைப் பார்த்தார், தலையாட்டினார். “அடையாளத்துக்கு ஏதாவது கட்டி வைக்கலாமே” என்றார்.

“வேண்டாம் சார்!” என்று அலறினேன்.

அன்று முதல் அவர் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.